பன்றித் தீவனத்தில் எதைச் சேர்க்கலாம், எது வேண்டாம்: தவிடும் நொய்யும் போட்டு வளர்ப்பவர்களுக்கு

மியன்மாரில் பெகு, தட்டோன், மோல்மேன் பக்கங்களில் பன்றி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களின் தீவனத் தொட்டியில் பாதிக்கு மேல் நெல் மில்லிலிருந்து வருவதுதான். நுண்தவிடும் நொய்யும் அடித்தளம். அதன்மேல் கடலைப் புண்ணாக்கோ எள்ளுப் புண்ணாக்கோ சேரும். கையில் காசு இருந்தால் மீன் தூளும் சேரும். இப்படி வளர்ப்பவர் கால்நடை மருந்துக் கடைக்குப் போனால் வளர்ச்சிக்கு ஒன்று, கழிச்சலுக்கு ஒன்று, பசி எடுக்க ஒன்று, கறி சிவக்க ஒன்று என்று பொட்டலங்கள் வரிசையாக நிற்கின்றன. எதை வாங்குவது என்று பொட்டலத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நம் தவிட்டிலும் நொய்யிலும் எது குறைகிறது என்று தெரிந்தால்தான் முடிவு செய்யலாம்.

சேர்க்கைப் பொருட்களை அவை செய்யும் வேலையை வைத்து மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். முதல் வகை, தீவனத்தில் இல்லாத ஊட்டத்தை நிரப்புவது: லைசின், சுண்ணாம்பு, உப்பு, தாதுக்கள், வைட்டமின்கள். இரண்டாம் வகை, இருக்கும் ஊட்டத்தைக் குடலுக்கு எட்ட வைப்பது, கெடாமல் காப்பது: ஃபைட்டேஸ் போன்ற நொதிகள், அமிலங்கள், நச்சை ஈர்க்கும் களிமண். மூன்றாம் வகை, பன்றியின் உடல் இயங்கும் முறையையே மாற்றுவது: கொழுப்பைக் குறைத்துச் சதையை ஏற்றும் ராக்டோபமைன், கிளென்புட்ரால் போன்றவை. முதல் வகைக்குப் போடும் காசு பெரும்பாலும் திரும்பி வரும். இரண்டாம் வகை வயதையும் பருவத்தையும் பார்த்துப் பலன் தரும். மூன்றாம் வகையைத் தொடவே வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

புரதம் இருக்கிறது, லைசின் இல்லை

30 கிலோவிலிருந்து 60 கிலோ வரை வளரும் பன்றிக்கு இப்படி ஒரு கலவையை எடுத்துக்கொள்வோம்: நொய் 45 கிலோ, நுண்தவிடு 30 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20 கிலோ, மீன் தூள் 3 கிலோ. மீதி 2 கிலோ இடம் சேர்க்கைகளுக்கு. புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 17, 18 சதவீதம் வரும். குறை சொல்ல முடியாத அளவு. ஆனாலும் பன்றி மந்தமாக வளர்ந்து, வயிறு தொங்கி, முதுகில் கொழுப்பு ஏறும்.

காரணம் லைசின். பன்றி தின்ற புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து, அவற்றைக் கோத்துத்தான் தசை கட்டுகிறது. அதில் முதலில் தீர்ந்துபோவது லைசின். நொய்யில் அது 0.3 சதவீதம்தான். தவிட்டில் 0.55 முதல் 0.6 வரை. கடலைப் புண்ணாக்கில் புரதம் 45 சதவீதத்தை எட்டினாலும் லைசின் 1.5 அளவில் நின்றுவிடும். நல்ல மீன் தூளில் மட்டும் 4 சதவீதத்துக்கு மேல். மேலே சொன்ன கலவையில் எல்லாம் சேர்த்து 0.73 சதவீதம்தான் தேறும். யார்க்ஷயர், லாண்ட்ரேஸ், டூராக் கலப்புப் பன்றிக்கு 25 கிலோவிலிருந்து 50 கிலோ வரை மொத்த லைசின் 1.1 சதவீதம் வேண்டும். உள்ளூர்க் கறுப்பு இனம் கலந்தவை மெதுவாக வளர்பவை, அவற்றுக்கு 1.0 போதும் என்று வைத்தாலும் 0.27 குறைகிறது.

லைசின் தீர்ந்ததும் தசை கட்டுவது நின்றுவிடும். மிஞ்சிய அமினோ அமிலங்களைக் கல்லீரல் உடைக்கிறது. நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறி, கொட்டிலில் கண் எரியும் அம்மோனியா நாற்றமாகிறது. மீதி கொழுப்பாகிறது. இந்த நிலையில் இன்னும் 5 கிலோ கடலைப் புண்ணாக்கைக் கொட்டுபவர்கள் அதிகம். அதில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகும்.

கடையில் கிடைக்கும் எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு தூளில் 78 சதவீதம் லைசின். 0.27-ஐ 0.78-ஆல் வகுத்தால் 100 கிலோ தீவனத்துக்கு 350 கிராம். இது ஒரு கைப்பிடிக்கணக்கில் போடும் பொருள் அல்ல, தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். 350 கிராமுக்கு மேல் ஏற்றினால் அடுத்த குறை வெளியே வரும்: திரியோனின், மெத்தியோனின். அவற்றையும் சேர்க்காமல் லைசினை மட்டும் ஏற்றினால் அந்தக் காசு வீண். மெத்தியோனினுக்கு நம் ஊரிலேயே நல்ல வழி இருக்கிறது. எள்ளுப் புண்ணாக்கில் லைசின் கடலையைவிடக் குறைவு, மெத்தியோனினோ நிறைய. 20 கிலோ கடலைப் புண்ணாக்கில் 5 கிலோவை எடுத்துவிட்டு எள்ளுப் புண்ணாக்கு போட்டால், லைசின் தூளோடு சேர்ந்து இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்.

பருப்பு மில்லில் கழிக்கும் உளுந்துக் குருணை, பாசிப்பயற்றுக் குருணையும் லைசினுக்கு நல்லவை, ஆனால் வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். பச்சைப் பயற்றில் உள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைக் கெடுக்கும். நிற மொச்சை வகைகளில் சயனைடு தரும் பொருளும் உண்டு. அவற்றை ஊறவைத்து, திறந்த பானையில் கொதிக்கவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டாமல் பன்றிக்குப் போடவே கூடாது.

60 கிலோவைத் தாண்டியபின் தேவை குறைகிறது. 75 கிலோவுக்கு மேல் மொத்த லைசின் 0.8 அளவு போதும், அதனால் தூளைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம். குட்டியிலிருந்து விற்கும் நாள்வரை ஒரே கலவை போடுபவர்கள் தொடக்கத்தில் வளர்ச்சியையும் கடைசியில் காசையும் இழக்கிறார்கள்.

தவிட்டின் பாஸ்பரசும் கிளிஞ்சல் பொடியும்

தவிட்டின் தாதுக் கணக்கு விசித்திரமானது. பாஸ்பரஸ் 1.5 சதவீதத்துக்கு மேல், கால்சியமோ 0.1 சதவீதம்கூட இல்லை. நம் கலவையில் பாஸ்பரஸ் 0.74, கால்சியம் 0.19 சதவீதம் வருகிறது. தேவை கால்சியம் 0.66, பாஸ்பரஸ் 0.56. காகிதத்தில் பாஸ்பரஸ் மிச்சம்தான். ஆனால் தவிட்டுப் பாஸ்பரசில் ஐந்தில் நான்கு பங்கு ஃபைட்டேட் என்ற கட்டில் பூட்டிக் கிடக்கிறது. பன்றியின் குடலில் அதைத் திறக்கும் நொதி மிகக் குறைவு. அந்தப் பாஸ்பரஸ் சாணத்தோடு போய்விடும். போகும்போது துத்தநாகத்தையும் கால்சியத்தையும் இரும்பையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு போகும்.

அந்தப் பூட்டைத் திறக்கும் நொதிதான் ஃபைட்டேஸ். கிராமுக்கு 5,000 அலகு உள்ள தூள் என்றால் 100 கிலோ தீவனத்துக்கு 10 கிராம். கிலோவுக்கு 500 அலகு கிடைக்கும், அது பன்றிக்குச் சுமார் 0.1 சதவீதம் செரிக்கும் பாஸ்பரசை விடுவிக்கும். தவிடு இவ்வளவு போடும் நமக்கு இதைவிடப் பொருத்தமான நொதி இல்லை என்பது எங்கள் கணிப்பு. மக்காச்சோளமும் சோயாவும் போடும் பெரிய பண்ணையைவிட இங்கேதான் பூட்டிக் கிடப்பது அதிகம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபைட்டேஸ் சூட்டில் சாகும். மாவாகக் கலந்து அப்படியே போடுபவர்களுக்குத் தொல்லை இல்லை. தவிட்டைக் கஞ்சியாகக் காய்ச்சிப் போடும் வழக்கமுள்ளவர்கள் ஆறியபின், கை வைக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் கலக்க வேண்டும். கொதிக்கும் பானையில் போட்டால் பொட்டலத்தை அடுப்பில் போட்டதற்குச் சமம்.

கால்சியக் குறைக்கு மலிவான வழி சுண்ணாம்புக்கல் பொடி அல்லது கிளிஞ்சல் பொடி. இரண்டிலும் 38 சதவீதம் அளவு கால்சியம். குறை 0.47 என்பதால் 100 கிலோவுக்கு 1.2 கிலோ. இது இல்லாவிட்டால் 40, 50 கிலோவில் பன்றி பின்னங்காலைத் தாங்கி நடக்கும், முட்டி வீங்கும், எழுந்திருக்கத் தயங்கும். சினைப் பன்றிக்கு எலும்பு உடைவதும் உண்டு.

இதைப் பார்த்துப் பயந்து 3 கிலோ கிளிஞ்சல் போடுபவர்களுக்கு வேறு நோய் வரும். கால்களிலும் வயிற்றடியிலும் காதுக்குப் பின்னும் சிவந்த புள்ளிகள் தோன்றி, பிறகு தோல் தடித்துச் செதில் செதிலாகப் பிளக்கும். அரிப்பு அதிகம் இருக்காது. சொறி என்று நினைத்து எண்ணெயும் கந்தகமும் பூசுவார்கள், ஊசி போடுவார்கள், எதுவும் கேட்காது. அது துத்தநாகக் குறை. கால்சியம் மிகையானால் ஃபைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தைக் குடலிலேயே கட்டிவிடும். 1955-இலேயே அமெரிக்காவில் டக்கர், சால்மன் என்ற இருவர் துத்தநாகம் கொடுத்து இந்தத் தோல் நோயைக் குணமாக்கிக் காட்டினார்கள். கிளிஞ்சலைச் சரியான அளவுக்குக் குறைத்து, தாதுக் கலவை மூலம் தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் தோல் ஆறத் தொடங்கும்.

உப்பு 100 கிலோவுக்கு 250 முதல் 300 கிராம். உப்பு போதாத பன்றி சுவரை நக்கும், சிறுநீரைக் குடிக்கும், ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். ஆனால் மீன் தூளுக்குப் பதில் கருவாட்டுக் கழிவு போடுபவர்கள் உப்பைத் தொடக் கூடாது. அதில் ஏற்கெனவே 10 சதவீதத்துக்கு மேல் உப்பு இருக்கலாம். உப்பு கூடியிருக்கும்போது ஒரு நாள் தண்ணீர் தட்டுப்பட்டால் போதும், பன்றி கண் தெரியாமல் சுவரில் முட்டும், பின்னால் நகர்ந்து உட்கார்ந்து வலிப்பு வந்து சாகும். அந்த நேரத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கி இன்னும் சீக்கிரம் சாகும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கவிட வேண்டும்.

வைட்டமின், தாதுக் கலவையை உறையில் உள்ள அளவுப்படி போடலாம். கோழிக்கு விற்பதை மலிவென்று பன்றிக்குப் போடுவது மட்டும் வேண்டாம். கோழிக் கலவைகள் சிலவற்றில் கழிச்சல் நோய்க்காக மோனென்சின், சாலினோமைசின் சேர்த்திருப்பார்கள். அதைத் தின்னும் பன்றிக்கு மூச்சு நோய் என்று டியாமுலின் கொடுத்தால் தசை சிதைந்து சாகும். கோழியும் பன்றியும் சேர்த்து வளர்க்கும் வீட்டில் இது எளிதில் நடக்கக்கூடியது.

குட்டிக் கழிச்சல்: துத்தம், துத்தநாகம், அமிலம்

பால் மறந்த குட்டிக்குக் கழிச்சல் ஏன் வருகிறது என்று பார்த்தால் சேர்க்கைகளின் வேலை விளங்கும். தாய்ப்பால் குடிக்கும்போது பால் சர்க்கரை புளித்து லாக்டிக் அமிலமாகிக் குட்டியின் வயிற்றைப் புளிப்பாக வைத்திருக்கும். பால் நின்றதும் அந்த அமிலம் போய்விடும். குட்டியின் இரைப்பை தானாகப் போதிய அமிலம் சுரக்க இன்னும் சில வாரம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் புரதம் செரிக்காமல் கீழே இறங்கி ஈ.கோலை கிருமிக்குத் தீனியாகிறது. 28 நாளில் பால் மறக்கடிக்கும் பண்ணைக்கு இது பெரிய தலைவலி. 7, 8 வாரம் தாயோடு விடும் வீட்டுக்காரர்களுக்கு மிகக் குறைவு. அவர்கள் விலையுயர்ந்த அமிலக் கலவை வாங்கத் தேவையில்லை.

துத்தநாக ஆக்சைடு பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டுவரும் மருந்து. கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் துத்தநாகம், அதாவது 72 சதவீதத் தூள் என்றால் 100 கிலோவுக்கு 350 கிராம், பால் மறந்த இரண்டு வாரம் மட்டும். அதற்கு மேல் நீட்டினால் துத்தநாகம் செம்பைத் தடுத்து வளர்ச்சியைக் கெடுக்கும். சாணத்தோடு வயலில் சேர்ந்து மண்ணில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனிலிருந்து மருந்தளவில் இதை நிறுத்திவிட்டது. வேறு வழியால் சமாளிக்க முடிந்தால் சமாளிப்பதே நல்லது.

மயில் துத்தம், அதாவது செம்புச் சல்பேட்டு, வளர்ச்சிக்கு உதவுவது உண்மை. படிகத் துத்தத்தில் கால்பங்கு செம்பு. 100 கிலோவுக்கு 50 கிராம் போட்டால் கிலோவுக்கு 125 மில்லிகிராம் செம்பு. 20, 25 கிலோ எடை வரை மட்டும் பயன் தெரியும். 100 கிராமுக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் கல்லீரல் கெடும். சாணம் கறுப்பாக வருவதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்வார்கள். செம்பு வெளியேறுவதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது. இந்தத் தீவனத்தில் மிஞ்சியதைச் செம்மறிக்குப் போட்டால் அது செத்துவிடும். வெள்ளாட்டுக்கும் போட வேண்டாம்.

அமிலங்களில் சிட்ரிக், ஃப்யூமரிக் என்றால் 1 முதல் 2 சதவீதம், ஃபார்மிக் என்றால் 1 சதவீதத்துக்குள், பென்சாயிக் அமிலம் 0.5 சதவீதம். ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஒரு கையால் அமிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு மறுகையால் குட்டித் தீவனத்தில் சுண்ணாம்புப் பொடியை நிறையப் போடுபவர்கள் உண்டு. சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். பால் மறந்த முதல் இரண்டு வாரம் சுண்ணாம்பைப் பாதியாகக் குறைத்து, தவிட்டைப் பத்துக்கு ஒன்றுக்குள் வைத்து, வேகவைத்த நொய்யைக் கூட்டினால் அமிலத்தின் வேலையில் பெரும்பங்கு செலவில்லாமல் நடந்துவிடும்.

நல்ல கிருமி என்று விற்கும் புரோபயாடிக் தூள்களில் பேசில்லஸ் வகை விதையுறை கட்டுவதால் நம் வெயிலையும் ஈரத்தையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் தூள் குளிர்ப்பெட்டியில் இல்லாமல் கடை அலமாரியில் மூன்று மாதம் கிடந்தது என்றால் அதில் உயிருள்ளது மிகக் குறைவாகவே இருக்கும்.

அடுத்தது ஆன்டிபயாடிக். வளர்ச்சிக்காகத் தினமும் சிறிது போடும் வழக்கத்தை ஸ்வீடன் 1986-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006-இலும், சீனா 2020-இலும் நிறுத்தின. கோலிஸ்டின் என்ற மருந்தின் கதை இதற்குக் காரணம் சொல்லும். வேறு எதுவும் கேட்காத கிருமிகளுக்கு மனிதர்களுக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதை வெல்லும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு சீனாவில் பன்றிகளிலும் பன்றிக் கறியிலும் நோயாளிகளிடமும் இருப்பது 2015-இல் வெளிவந்தது. கிருமிக்குக் கிருமி தாவும் மரபணு அது. 2017-இல் சீனா கோலிஸ்டினை வளர்ச்சித் தீவனத்திலிருந்து நீக்கியது. ஒரு மலிவான தூளுக்காக நம் பிள்ளைகளின் கடைசி மருந்தைச் செலவழிக்கக் கூடாது. நோய் வந்த பன்றிக்கு மருந்து கொடுங்கள், உறையில் போட்ட விலகல் நாள் (மருந்து உடலிலிருந்து நீங்கும் காலம்) முடியும்வரை விற்காதீர்கள். நோயில்லாத பன்றிக்குத் தீவனத்தில் கலக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் ஷான் மாநிலத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததாக நாடு அறிவித்ததிலிருந்து எதையாவது போட்டுத் தடுக்க முடியுமா என்று தேடுபவர்கள் அதிகம். அந்த நோயைத் தடுக்கும் தீவனச் சேர்க்கை ஒன்றுகூட இல்லை. பன்றிக் கறி கலந்த எச்சிற்சோற்றைப் போடாமல் இருப்பதும், போட்டே ஆக வேண்டும் என்றால் குறைந்தது அரைமணி நேரம் கொதிக்கவிடுவதும், வெளியாள் செருப்பை உள்ளே விடாமல் இருப்பதும்தான் தடுப்பு.

மழைக்காலமும் பூஞ்சையும்

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை தீவனத்தின் பெரிய எதிரி ஈரம். கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். அஃப்லாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கி வளர்ச்சியைத் தடுக்கும், தடுப்பூசியின் பலனையும் குறைக்கும். கண்ணுக்குப் பூஞ்சை தெரியாமலும் நச்சு இருக்கும், வறுத்தாலும் முழுக்கப் போகாது. பெண்டோனைட் களிமண் 100 கிலோவுக்கு 250 முதல் 500 கிராம் சேர்த்தால் அஃப்லாடாக்சினை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மற்ற நச்சுகளை அவ்வளவாகப் பிடிக்காது. சினைக்கு விடாத இளம் பெண் பன்றியின் பின்புறம் வீங்கிச் சிவந்தால் அது மக்காச்சோளத்தில் உள்ள ஜீரலெனோன். அதற்குச் சாதாரணக் களிமண் உதவாது, அந்தச் சோளத்தை மாற்றுவது ஒன்றே வழி.

தவிட்டின் சிக்கல் வேறு. அரைத்த நிமிடத்திலிருந்தே அதில் உள்ள லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கும். சில நாளில் காறல் வாசம் வரும், பன்றி மூக்கைத் திருப்பும். பி.எச்.டி. (BHT) போன்ற காறல் தடுப்பான்கள் காற்றால் வரும் கேட்டைத்தான் தடுக்கும், லைப்பேஸை ஒன்றும் செய்யாது. தவிட்டை ஆவி பறக்கச் சூடாக்கினால்தான் அந்த நொதி அடங்கும். புழுங்கலரிசித் தவிடு நெல்லை அவிக்கும்போதே இந்தச் சூட்டைப் பார்த்துவிடுவதால் கூடுதல் நாள் தாங்கும். பச்சரிசித் தவிட்டை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவது எல்லாத் தடுப்பானையும்விட மேல். வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமி மிதக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தால் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறது. மீன் தூளில் யூரியா கலந்திருக்கிறதா என்று பார்க்க, பச்சைச் சோயா மாவு கொஞ்சம் கலந்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடிவைத்துத் திறந்து பாருங்கள், யூரியா இருந்தால் அம்மோனியா வாசம் வரும்.

கறியின் தரம்

நம் சந்தையில் கொழுப்பும் சதையும் மாறி மாறி வரும் மூன்றடுக்குக் கறிக்கு மதிப்பு. அந்தக் கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக நிற்க வேண்டும். மஞ்சளித்து, எண்ணெய் வழிந்து, கத்தியில் ஒட்டும் கொழுப்பைக் கசாப்புக்காரர் விலை குறைத்துத்தான் எடுப்பார். இதற்குக் காரணம் பெரும்பாலும் தவிடு. பன்றி தின்ற எண்ணெயை ஏறக்குறைய அப்படியே தன் கொழுப்பில் சேர்த்துக்கொள்ளும். தவிட்டில் 15 சதவீதம் எண்ணெய், அதில் மூன்றில் ஒரு பங்கு லினோலெயிக் அமிலம். நம் கலவையில் 30 கிலோ தவிட்டிலிருந்து மட்டும் தீவனத்தில் 1.5 சதவீத லினோலெயிக் அமிலம் வருகிறது, கடலைப் புண்ணாக்கு எண்ணெயைச் சேர்த்தால் 1.9-ஐ நெருங்கும். கடைசிக் கட்டத்தில் இது 1.6-ஐத் தாண்டக் கூடாது. பன்றிக் கொழுப்பில் லினோலெயிக் அமிலம் 15 சதவீதத்தைத் தாண்டினால் அது கெட்டியாக நிற்காது.

இதைச் சரிசெய்ய இணைந்த லினோலெயிக் அமிலம் என்ற விலையுயர்ந்த சேர்க்கை உண்டு. நம் கையில் அதைவிட எளிய வழி இருக்கிறது: விற்பதற்கு ஆறு வாரம் முன்பு தவிட்டை 15 கிலோவாகக் குறைத்து, அந்த இடத்தில் நொய்யைப் போடுவது. மாவுச்சத்திலிருந்து பன்றி தானே செய்யும் கொழுப்பு கெட்டியானது. இரண்டு வாரம் முன்பு மாற்றிப் பயனில்லை, ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு மாற அந்த ஆறு வாரம் வேண்டும். மீன் தூளையும் விற்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையேல் கறியில் மீன் வாடை அடிக்கும். சமையலில் எவ்வளவு இஞ்சி பூண்டு போட்டாலும் அது போகாது.

கறி நீண்ட நேரம் வாடை இல்லாமல் இருக்க வைட்டமின் ஈ உண்மையாகவே உதவும். பன்றியின் சாதாரணத் தேவை கிலோவுக்கு 11 முதல் 16 அலகு. கறிக்காகப் போடுவது 100 முதல் 200 அலகு, கடைசி நான்கு முதல் ஆறு வாரம். குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பவருக்கு இது லாபம். விடியலில் அறுத்து நண்பகலுக்குள் விற்றுத் தீர்ப்பவருக்கு வீண் செலவு.

சதை வெளிறி, தளர்ந்து, தண்ணீர் வடிகிறது என்றால் பெரும்பாலும் தீவனக் குறை அல்ல. அறுப்பதற்குச் சற்று முன் துரத்தி, அடித்து, மோட்டார் வண்டியில் தலைகீழாகக் கட்டிக் கொண்டுபோன பன்றியின் தசையில் லாக்டிக் அமிலம் திடீரென்று ஏறுகிறது. உடல் சூடு ஆறுமுன் அமிலம் ஏறினால் புரதம் கெட்டுத் தண்ணீரை விட்டுவிடும். 12 மணி நேரம் தீவனம் நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, விடியற்காலைக் குளிர்ச்சியில் மெல்ல ஏற்றி, இறக்கியபின் இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் விட்டால் எந்தத் தூளும் தராத பலன் கிடைக்கும்.

கறி சிவக்க, கொழுப்பு குறைய என்று விற்கும் தூள்களில்தான் மூன்றாம் வகை ஒளிந்திருக்கும். கிளென்புட்ரால் ஆஸ்துமாவுக்கான மருந்து. பன்றிக்குப் போட்டால் கொழுப்பு கரைந்து சதை ஏறும். ஆனால் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும், சமைத்தாலும் முழுக்க அழியாது. 2006-இல் ஷாங்காயில் 300-க்கும் மேற்பட்டோர் இப்படிப்பட்ட கறி தின்று நெஞ்சு படபடத்து, கை நடுங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். ராக்டோபமைன் அதைவிட மென்மையானது. அமெரிக்கா 1999-இல் அனுமதித்தது, 2012-இல் உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 69-க்கு 67 என்ற வாக்கில் எச்ச வரம்பு வைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் இன்றும் தடுத்து வைத்திருக்கின்றன. நம் நிலையில் அது எந்த வகையிலும் ஒத்துவராது. புரதம் 16 சதவீதத்துக்குக் குறையாத தீவனமும் மில்லிகிராம் கணக்கில் கலக்கும் இயந்திரமும் அதற்கு வேண்டும். மண்வெட்டியால் கலக்கும் இடத்தில் ஒரு வாளிக்கு எதுவும் இராது, அடுத்த வாளியில் பத்து மடங்கு இருக்கும். வெயில் காலத்தில் அந்தப் பன்றி வண்டியிலேயே விழுந்து சாகும். உறையில் பொருளின் பெயர் எழுதாத தூளை வாங்கவே வேண்டாம்.

கலப்பதும் கணக்குப் பார்ப்பதும்

10 கிராம் ஃபைட்டேஸை 100 கிலோவில் நேராகக் கொட்டினால் கலக்காது. லைசின், ஃபைட்டேஸ், தாதுக் கலவையை முதலில் 1 கிலோ நொய் மாவில் கலந்து, அதை 10 கிலோவில் கலந்து, பிறகே குவியலில் பரப்ப வேண்டும். குவியலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஐந்து ஆறு முறை புரட்டுங்கள். கோலின் குளோரைடும் மயில் துத்தமும் ஈரம் இழுத்து வைட்டமினைக் கெடுக்கும், அவற்றைத் தனி டப்பாவில் வைத்துக் கலக்கும் அன்று மட்டும் சேர்க்கவும். பிரித்த வைட்டமின் பொட்டலத்தை மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் நம்பக் கூடாது. தீவன மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும்.

ஒரு சேர்க்கை லாபமா என்று தெரிய, ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சம எடையில் இரண்டு கொட்டிலாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் அதைப் போட்டு, இரண்டுக்கும் தீவனத்தை நிறுத்து எழுதிவைக்க வேண்டும். தராசு இல்லாவிட்டால் முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், காதடியிலிருந்து வாலடி வரை நீளத்தையும் மீட்டரில் அளந்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்கினால் கிலோவில் எடை வரும். 1 மீட்டர் சுற்றளவும் 1 மீட்டர் நீளமும் உள்ள பன்றி 69 கிலோ, வீசைக் கணக்கில் 42-க்குச் சற்று மேல். பன்றி 60 கிலோ ஏற, சேர்க்கை இல்லாமல் கிலோவுக்கு 3.5 கிலோ தீவனம் என்றால் 210 கிலோ, சேர்க்கையோடு 3.3 என்றால் 198 கிலோ. மிச்சம் 12 கிலோ தீவனம். 198 கிலோவில் போட்ட சேர்க்கையின் விலை அந்த 12 கிலோவின் விலையைவிடக் குறைவாக இருந்தால் அடுத்த முறையும் வாங்கலாம்.